இரும்பை மரம்போல் கோத்த பாலம்: செவர்ன் ஆற்று இரும்புப் பாலம் எப்படி நிற்கிறது?

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில், மரங்கள் அடர்ந்த செங்குத்தான இரண்டு சரிவுகளுக்கு நடுவே செவர்ன் ஆறு ஒடுங்கி ஓடும் ஓரிடத்தில், நடுவில் தூண் எதுவும் இல்லாமல் கரையிலிருந்து கரைக்கு ஒரே வளைவாகத் தாவி நிற்கிறது ஓர் இரும்புப் பாலம். 1779ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட இந்தப் பாலம்தான் உலகிலேயே வார்ப்பிரும்பால் கட்டப்பட்ட முதல் பெரிய பாலமாகும். அதன் வடமுனையில் வளர்ந்த சிற்றூருக்கு அயன்பிரிட்ஜ் என்று பாலத்தின் பெயரே நிலைத்துவிட்டது. தொலைவிலிருந்து பார்க்கையில் அதன் கம்பிக் கோலம்போன்ற வளைவும், அமைதியான நீரில் விழும் நிழலும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு முழுவட்டமாகத் தோன்றுவதுதான் கண்ணைக் கவரும். அருகே சென்று இரும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை உற்றுப் பார்ப்பவருக்கோ வேறொரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே தறையாணியும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. வளைவின் உச்சியில் இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் திருகாணிகள் உண்டு; மற்ற இடங்களில் எல்லாம் துளையும் கழுந்தும், புறாவால் பொருத்தும், ஆப்பும்தான். ஒரு தச்சர் கதவு நிலையையோ பெட்டியையோ எப்படிக் கோப்பாரோ, அப்படியே இரும்பைக் கோத்திருக்கிறார்கள்.

இரும்பை ஏன் மரம்போலக் கோத்தார்கள்? அப்படிக் கோத்தும் அது ஏன் இன்றுவரை விழவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண, கட்டுமானத்தின் மிக அடிப்படையான ஒரு கருத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தப் பொருளின்மீதும் விசை முதன்மையாக இரண்டு விதமாகச் செயல்படலாம். இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி நெருக்கினால் அது அமுக்கவிசை. இரு முனைகளையும் வெளிநோக்கி இழுத்தால் அது இழுவிசை. எல்லாப் பொருள்களும் இவ்விரண்டையும் ஒரேபோலத் தாங்குவதில்லை. ஒரு சாக்பீஸை எடுத்து இரு முனைகளிலும் விரல் வைத்து நேராக நெருக்கிப் பாருங்கள், அவ்வளவு எளிதில் உடையாது; அதையே இரு கைகளால் பிடித்துச் சற்று வளைத்தால் நொடியில் முறிந்துவிடும். வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் நெருக்கப்படுகிறது, மறுபக்கம் இழுக்கப்படுகிறது. இழுக்கப்படும் பக்கத்தில்தான் விரிசல் தொடங்குகிறது. ஓடையின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்தாலும் இதுவே நிகழ்கிறது. பாரத்தால் பலகை சற்றே தொய்யும்போது அதன் மேற்பரப்பு நெருக்கத்துக்கும், அடிப்பரப்பு இழுவைக்கும் உள்ளாகின்றன. மரம் இரண்டையும் ஓரளவு தாங்கும். கல் நெருக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளும், இழுவையை மட்டும் பொறுக்காது.

கல்லின் இந்தக் குறையை மறைப்பதற்குப் பழங்காலக் கட்டடக் கலைஞர்கள் கண்ட வழிதான் வளைவு. வளைவின் உச்சியில் விழும் பாரம் நேரே கீழே இறங்குவதில்லை. வளைவின் கோட்டைப் பின்பற்றி இரண்டு பக்கமும் வழிந்து கால்களை வந்து சேர்கிறது. வழியெங்கும் ஒரு துண்டு அடுத்த துண்டை நெருக்குகிறதே தவிர இழுப்பதில்லை. அதற்கு ஈடாக, வளைவு தன் கால்களை வெளிப்பக்கமாக உதைத்துக்கொண்டே இருக்கும். அந்த உதையைக் கரையில் உள்ள கற்கட்டு அசையாமல் வாங்கிக்கொள்ளும் வரையில் வளைவுக்குச் சேதமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். செவர்ன் பாலத்தின் பிற்காலத் துன்பங்கள் எல்லாம் அதிலிருந்தே பிறந்தன.

இனி இரும்புக்கு வருவோம். நாம் இரும்பு என்று பொதுவாகச் சொல்வதில் பல வகைகள் உண்டு. ஊதுலையில் உருக்கி, மணலில் அமைத்த அச்சில் ஊற்றி, உறையவிட்டு எடுப்பது வார்ப்பிரும்பு. அதில் கரியின் (கார்பனின்) அளவு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குவரை இருக்கும்; அந்தக் கரி உலோகத்துக்குள் மெல்லிய செதில்களாகப் படிந்து நிற்பதால், இழுக்கும்போது ஒவ்வொரு செதிலும் ஒரு சிறு கீறலாகிவிடுகிறது. ஆகவே வார்ப்பிரும்பு நெருக்கத்தில் மிக வலியது. இழுவையில் அதைவிடப் பன்மடங்கு மெலியது. பெயரில் இரும்பாக இருந்தாலும் இயல்பில் அது கல்லுக்குத்தான் உறவு. எஃகு மலிவாகக் கிடைப்பதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், பெரிய துண்டுகளாகச் செய்யக்கூடிய ஒரே இரும்பு இதுதான்.

இந்த இரும்பு அந்தப் பள்ளத்தாக்கில் மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு குடும்பத்தின் உழைப்பு காரணம். பாலத்துக்கு அருகிலுள்ள கோல்புரூக்டேல் என்னும் ஊரில், 1709ஆம் ஆண்டில், முதலாம் ஆபிரகாம் டார்பி என்பவர் மரக்கரிக்குப் பதிலாக, நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கல்கரியைக் கொண்டு இரும்புத்தாதை உருக்கி வெற்றி கண்டார். அதுவரை உலையின் பசிக்குக் காடுகளையே தீனியாகப் போட வேண்டியிருந்தது. கல்கரி மரக்கரியைவிட உறுதியானது, உலைக்குள் அதிக உயரத்துக்கு அடுக்கினாலும் நொறுங்காது. ஆகவே உலைகளைப் பெரிதாக்க முடிந்தது. நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும் அப்பள்ளத்தாக்கிலேயே அகப்பட்டன. செய்த பொருளை ஏற்றி அனுப்ப ஆறு இருந்தது. இத்தனை வசதிகள் ஓரிடத்தில் கூடியதால், இன்று பசுமையும் அமைதியுமாகத் தோன்றும் அந்தச் சரிவுகள் அன்று இரவும் பகலும் நெருப்பும் புகையுமாக இருந்தன.

ஆனால் அதே ஆறு போக்குவரத்துக்குத் தடையாகவும் இருந்தது. வடகரையில் மேட்லியும் தென்கரையில் புரோஸ்லியும் தொழில் பெருகிய ஊர்கள். இரண்டுக்கும் இடையே படகைத் தவிர வேறு வழியில்லை. வெள்ளக் காலத்திலும் நீர் வற்றும் காலத்திலும் படகும் உதவாது. கற்பாலம் கட்டுவதென்றால் ஆற்றுக்குள் தூண்கள் எழுப்ப வேண்டும். அவை பாய்மரத்தோடு செல்லும் சரக்குப் படகுகளுக்கு இடைஞ்சலாகும், வெள்ளத்தையும் மறிக்கும். ஆகவே ஒரே தாவலில் கரை கடக்கும், படகுகள் அடியில் செல்லும் அளவுக்கு உயர்ந்த ஒரு பாலம் தேவைப்பட்டது.

அதை இரும்பில் செய்யலாம் என்று 1773ஆம் ஆண்டில் ஜான் வில்கின்சன் என்ற ஆலை முதலாளிக்கு எழுதியவர் ஷ்ரூஸ்பரி நகரத்துக் கட்டடக் கலைஞர் தாமஸ் ஃபார்னல்ஸ் பிரிட்சார்ட். வில்கின்சன் இரும்பின்மீது தீராத பித்துக் கொண்டவர். பிற்காலத்தில் இரும்பாலேயே படகு செய்து செவர்னில் மிதக்கவிட்டவர், இறந்தபோது இரும்புப் பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டவர். அவரிடம் இந்த யோசனை எடுபட்டதில் வியப்பில்லை. வார்ப்பு வேலையை முதலாம் டார்பியின் பேரனான மூன்றாம் ஆபிரகாம் டார்பி ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான். 1776இல் நாடாளுமன்றம் பாலத்துக்கு அனுமதி அளித்துச் சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகும் பாலத்துக்குப் பணம் போட்ட பங்குதாரர்களுக்கு இரும்பின்மீது முழு நம்பிக்கை பிறக்கவில்லை. அதே ஆண்டில் அவர்கள் மனம் மாறி, கல்லிலோ செங்கல்லிலோ மரத்திலோ ஒற்றை வளைவுப் பாலம் கட்டித் தருபவர் உண்டா என்று விளம்பரம் செய்தார்கள். ஏற்கத்தக்க திட்டம் எதுவும் வராததால் மீண்டும் பிரிட்சார்டின் இரும்புக்கே திரும்பினார்கள். அந்தப் பிரிட்சார்ட், தம் பாலம் எழுவதைப் பார்க்காமலே, 1777 டிசம்பரில் காலமானார்.

முதல் கேள்விக்கான விடை இந்த மனிதர்களின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. பிரிட்சார்ட் கட்டடக் கலைஞர் ஆவதற்கு முன் தச்சராகப் பயிற்சி பெற்றவர். வார்ப்படத் தொழிலிலும் தச்சருக்குப் பெரிய இடம் உண்டு. எந்தத் துண்டை வார்க்க வேண்டுமோ அதற்கு முதலில் மரத்தில் மாதிரி செய்து, அதை மணலில் பதித்து, பதிந்த பள்ளத்தில்தான் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். அதற்கு முன் யாரும் இத்தனை பெரிய இரும்புச் சட்டகத்தைச் செய்ததில்லை, எனவே இரும்புக்கென்று ஓர் இணைப்பு முறையும் இல்லை. தெரிந்த கைவேலையைத் தெரியாத பொருளுக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு துண்டில் விட்ட துளைக்குள் மற்றொன்றின் கழுந்து நுழைகிறது. விசிறிபோல் விரிந்த முனை அதே வடிவக் குழியில் சென்று பூட்டிக்கொள்கிறது. மிஞ்சிய இடைவெளியில் ஆப்பை அடித்து இறுக்குகிறார்கள். வளைவுக்குள் எல்லாத் துண்டுகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே நிற்பதால், இந்தப் பொருத்துகள் கழன்றுகொள்ளும்படி இழுக்கும் விசை அவற்றுக்கு அதிகம் வருவதில்லை. பொருள் புதிது, இணைப்பு மரத்துக்குரியது, வடிவம் கல்லுக்குரியது. இதைப் புதுமை தெரியாதவர்களின் தயக்கம் என்று சிலர் எண்ணக்கூடும்; என் பார்வையில், அந்தப் பழைய வடிவத்தைக் கைவிடாததுதான் பாலத்தைக் காப்பாற்றியது.

அளவுகளையும் சொல்லிவிடலாம். வளைவு கரைக்குக் கரை தாவும் தூரம் 100 அடி 6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 30.6 மீட்டர். பக்கம் பக்கமாக ஐந்து விலா வளைவுகள் நிற்கின்றன. ஒவ்வொரு முதன்மை விலாவும் இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டது. ஒரு பாதியின் நீளம் சுமார் 70 அடி, எடை ஐந்து டன்னுக்கு மேல். மொத்தம் ஏறத்தாழ 1,700 துண்டுகள், 378 டன் இரும்பு. ஒரே மாதிரி இருக்க வேண்டிய துண்டுகள்கூட உண்மையில் ஒரே அளவில் இல்லை. ஒவ்வொன்றையும் அதன் பக்கத்துத் துண்டுக்குப் பொருந்துமாறு தனித்தனியே வார்த்திருக்கிறார்கள். ஆகவே ஒன்றைக் கழற்றி மற்றொன்றின் இடத்தில் மாட்டுவது நடவாத காரியம். மேலும், இன்றைய பொறியாளர் ஒருவர் இதே வளைவுக்கு இவ்வளவு இரும்பைச் செலவிட மாட்டார். எவ்வளவு போதும் என்று கணக்கிடும் வழி அன்று இல்லை. குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் கூடுதலாகவே ஊற்றினார்கள்.

ஐந்து டன் எடையுள்ள அந்தப் பாதி விலாக்களை ஆற்றின் மேலே எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பது இரண்டு நூற்றாண்டுகளுக்குப் புதிராகவே இருந்தது. டார்பியின் ஆட்கள் அதைப் பற்றி விரிவாக எழுதி வைக்கவில்லை. கட்டி முடித்த பாலத்தை வரைந்த ஓவியர்கள் பலர். கட்டும்போது வரைந்தவர் யாரும் இல்லை என்றே நம்பப்பட்டது. 1997ஆம் ஆண்டில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகர அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு சிறிய நீர்வண்ணச் சித்திரம் கண்டெடுக்கப்பட்டது. எலியாஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன் ஓவியர் 1779இல் அந்த இடத்துக்கே சென்று வரைந்தது அது. ஆற்றுப் படுகையில் ஊன்றி நிற்கும் ஒரு மரச் சட்டகமும், அதன் துணையோடு நிறுத்தப்பட்ட முதல் விலாக்களும் அதில் தெரிகின்றன. ஆற்றை முழுவதுமாக அடைக்கும் கனத்த சாரம் தேவைப்படவில்லை என்பதும், துண்டுகளைப் படகில் கொண்டுவந்து கயிறு கட்டித் தூக்கியிருக்கலாம் என்பதும் அதிலிருந்து விளங்கின. 2001இல் பாலத்தின் முதன்மைப் பகுதியைப் பாதி அளவில் செய்து, அதே முறையில் நிறுத்திப் பார்த்து, அது நடக்கக்கூடியதே என்று உறுதி செய்தார்கள்.

1779 கோடையில் இரும்பு வளைவு எழுந்துவிட்டாலும், சாலைகளும் மற்ற வேலைகளும் முடிந்து, 1781 ஜனவரி முதல் நாளன்றுதான் பாலம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. முதலில் போட்ட மதிப்பீடு சுமார் 3,200 பவுண்டு. ஆனது அதைவிட மிக அதிகம். மிஞ்சிய செலவைத் தலையில் சுமந்த டார்பி, 1789இல் இறக்கும்வரை கடனிலிருந்து மீளவில்லை. பங்குதாரர்களின் வருவாய்க்கு வழி சுங்கம்தான். சுங்கச் சாவடியில் தொங்கும் கட்டணப் பலகையின்படி ஆறு குதிரை பூட்டிய வண்டிக்கு 2 ஷில்லிங். கால்நடையாகச் செல்லும் மனிதருக்கு அரைப் பென்னி. ஓர் ஆட்டுக்கும் அதே அரைப் பென்னிதான். பாலம் தனியார் சொத்து என்பதால், பணியில் இருக்கும் படைவீரரானாலும், தபால் வண்டியானாலும், அரச குடும்பமே ஆனாலும் சுங்கம் செலுத்தியே ஆகவேண்டும் என்று பலகையின் அடியில் ஒரு குறிப்பும் உண்டு. முதலீடு செய்தவர்களின் மனநிலையை வேறெந்த ஆவணமும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டியதாகத் தெரியவில்லை.

பாலத்தின் மதிப்பை நாட்டுக்கே உணர்த்தியது 1795 பிப்ரவரியில் வந்த பெருவெள்ளம். செவர்ன் ஆற்றின் மற்றப் பாலங்கள் சேதமடைந்தன. சில அடித்துச் செல்லப்பட்டன. இரும்புப் பாலம் மட்டும் பழுதின்றி நின்றது. நீரை மறிக்க நடுவில் தூண் இல்லை. வளைவுக்கும் பாதைக்கும் இடைப்பட்ட பகுதி கற்சுவராக இல்லாமல் திறந்த சட்டகமாக இருந்ததால் வெள்ளம் அதன் ஊடே புகுந்து போய்விட்டது. சில கிலோமீட்டர் மேற்புறத்தில் பில்ட்வாஸ் என்னும் இடத்தில் இடிந்த கற்பாலத்துக்குப் பதிலாக, மறு ஆண்டே தாமஸ் டெல்ஃபோர்டு என்ற பொறியாளர் ஓர் இரும்புப் பாலம் கட்டினார். அது தாவும் தூரம் 130 அடி; செலவான இரும்போ 173 டன்தான். பதினேழே ஆண்டுகளில், முப்பது அடி கூடுதலாகத் தாவுவதற்குப் பாதிக்கும் குறைவான இரும்பு போதுமென்று ஆகிவிட்டது.

ஆனால் வெள்ளம் வெல்ல முடியாத பாலத்தை நிலம் மெல்ல மெல்ல வருத்திக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கு, பனியுகத்தில் உருகிய பனிப்பாறை நீர் அறுத்து உண்டாக்கியது. நிலவியல் கணக்கில் மிக இளையது. அதன் சரிவுகள் களிமண்ணும் நிலக்கரிப் படிவும் கலந்தவை, இன்னும் நிலைகொள்ளாதவை. 1952இல்கூட அருகிலுள்ள ஜாக்ஃபீல்டு என்ற ஊரில் நிலம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பொதுவாக வளைவுதான் கரையை வெளிப்பக்கம் உதைக்கும், கரை தாங்கும் என்று முன்பு சொன்னேன். இங்கே நடந்தது நேர்மாறு. இரண்டு கரைகளும் ஆற்றை நோக்கி நகர்ந்து, பாலத்தின் கால்களை உள்நோக்கித் தள்ளின. வளைவின் உச்சி சற்றே மேலெழும்பிக் கூர்மையானது. கனமான கற்பாலமாக இருந்தால் தன் எடையாலேயே அந்த நெருக்கத்தை ஓரளவு எதிர்த்திருக்கும். எடை குறைந்த இரும்பு வளைவுக்கு அந்த வலு இல்லை. 1784இலேயே தென்கரைக் கற்கட்டில் விரிசல்கள் காணப்பட்டன. 1802இல் அதை இடித்துவிட்டு மர வளைவுகளை வைத்தார்கள்; 1821இல் அவற்றை எடுத்துவிட்டு இரும்பு வளைவுகளை வைத்தார்கள். நிலையான தீர்வு கிடைக்க 1970கள் ஆயின. அப்போது ஆற்றின் படுகைக்கு அடியில், ஒரு கரைக்கட்டிலிருந்து மறு கரைக்கட்டுவரை, வலுவூட்டிய கான்கிரீட்டால் ஒரு பெரிய குறுக்குத் தாங்கி அமைத்து, கரைகள் மேலும் நெருங்காதபடி தடுத்தார்கள். பாலத்தைப் பார்க்க வருபவர்கள் யார் கண்ணிலும் அது படுவதில்லை. ஆயினும் பாலம் இன்று நிற்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

வளைவு வடிவம் இல்லாமல் வார்ப்பிரும்பைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய இருப்புப்பாதைப் பாலத்தில் வார்ப்பிரும்பை நேரான உத்தரங்களாக வைத்திருந்தார்கள். உத்தரம் என்றாலே அடிப்பக்கத்தில் இழுவிசை உண்டு. இழுவையைத் தாங்கும் தேனிரும்புக் கம்பிகளால் வலுவூட்டியிருந்தும், 1847 மே மாதம் ரயில் ஒன்று கடக்கையில் உத்தரம் முறிந்து ஐந்து பேர் உயிரிழந்தார்கள். சாக்பீஸை வளைத்த கதைதான் அது.

செவர்ன் பாலத்தில் 1934ஆம் ஆண்டிலிருந்து வண்டிகள் செல்வதில்லை. நடப்பவர்களிடம் சுங்கம் வாங்குவதும் 1950இல் நின்றுவிட்டது. 1986இல் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2017, 2018 ஆண்டுகளில் பெரிய அளவில் பழுதுபார்த்தபோது, பல காலமாகப் பூசியிருந்த சாம்பல் வண்ணத்துக்கு அடியில் முதல் பூச்சின் எச்சம் அகப்பட, பாலத்துக்கு மறுபடியும் அந்தச் செம்பழுப்பு வண்ணமே பூசப்பட்டது. அந்த ஆய்வில் பல துண்டுகளில் விரிசல்களும் பதிவாயின. வார்த்த நாளிலிருந்தே உலோகத்துக்குள் தங்கிய இறுக்கத்தால் வந்தவை சில, நிலம் நகர்ந்ததால் வந்தவை சில, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நேர்ந்த ஒரு நிலநடுக்கத்தால் வந்தவை சில. விரிசல் விட்ட துண்டுகளையும் இரண்டு பக்கத்துத் துண்டுகள் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.